நீலாஞ்சனையின் ஆடலும் நம் இல்லத்துத் திரையும்



ஆதிபகவனாகிய விருஷபதேவரின் ஆயுள் 84 லட்சம் பூர்வம் என்று புராணம் கூறும். அதில் குமார காலம் 20 லட்சம் பூர்வம். அரசு வீற்றிருந்தது 63 லட்சம் பூர்வம். தவத்திற்கும், கேவல ஞானம் எய்திய பின் உயிர்களுக்கு அறம் உரைத்ததற்கும் எஞ்சியது ஒரே லட்சம் பூர்வம். இக்கணக்கைக் கேட்டோர் பலர்; தம் வாழ்வோடு வைத்து எண்ணுவோர் சிலர். இந்த அவசர்ப்பிணியில் முதன்முதல் முத்திநெறி காட்டிய பெருமான், தம் வாழ்நாளின் 84 பங்குகளுள் 83 பங்கை மனைவியரோடும் மக்களோடும் இல்லத்திலிருந்தே கழித்தார் என்பது அதன் பொருள்.

"நாங்கள் சம்சாரிகள்; பிள்ளை குட்டிக்காரர்கள்; அறமெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்மிடம் சொல்லும் இளம் பெற்றோர் உளர். சோம்பலினால் அவ்வாறு சொல்கிறார்கள் என்று நாம் கருதவில்லை. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில் ஒரு தாயின் நாள் எப்படிக் கழிகிறது? விடியுமுன் எழுகிறார். காலைச் சிற்றுண்டியும் நண்பகல் உணவும் 7 மணிக்குள் ஆகவேண்டும். பிள்ளையைப் பள்ளி வண்டியில் ஏற்றியபின் தாம் அலுவலகம் செல்ல மின்தொடர் வண்டியைப் பிடிக்கவேண்டும். மாலையில் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. பிறகு வீட்டுப்பாடம், சமையல், பாத்திரம், மறுநாளைக்கு வேண்டிய துணி. எல்லாம் முடிந்து அமரும்போது மணி 9. அந்த நேரத்தில் அவர் கை நீளுவது கைபேசியை நோக்கி. அல்லது கண் செல்வது தொலைக்காட்சித் தொடரை நோக்கி. இடையில் எப்போதோ மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சி நினைவுக்கு வருகிறது; நாளை தொடங்கலாம் என்று தள்ளப்படுகிறது. தந்தையின் நாளும் இதினின்று பெரிதும் வேறுபட்டதன்று. சமையல் வேலை மட்டும் குறைவு. அது குறைவாயிருப்பது அவருக்குப் பெருமை ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

இவர்களைக் கடிந்து பேசுவது எளிது. பீடத்திலிருந்து பேசுவோர் பலர் அதைத்தான் செய்கிறார்கள். நாம் கேட்க விரும்புவது வேறு. இந்த நாளுக்கு, இதே நாளுக்கு, இல்லறத்தார் அறம் என்ன சொல்கிறது?

விருஷபதேவரைவிட வேலை மிகுந்த தந்தை ஒருவர் இருந்திருக்க இயலாது. கற்பக மரங்கள் பயன் குன்றி மக்கள் உணவின்றித் திகைத்த காலம் அது. வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் அவரே உலகுக்குக் கற்பித்தார். அத்தனைக்கும் நடுவே, பிராம்மி, சுந்தரி என்னும் தம் மகளிர் இருவரையும் மடியில் இருத்தி, ஒருத்திக்கு எழுத்தையும் மற்றொருத்திக்கு எண்ணையும் தாமே கற்பித்தார் என்று ஆதிபுராணம் பேசுகிறது. ஆசிரியர் ஒருவரை அமர்த்த அரசர்க்கு இயலாதா? மடியில் இருத்தினார் என்று ஜினசேனாசாரியர் எழுதியதை வெறும் அலங்காரம் என்று கொள்ளவேண்டா.

மைந்தர்க்கும் அவரே ஆசிரியர். பரதனுக்குப் பொருள்நூலோடு ஆடற்கலை, விருஷபசேனனுக்கு இசை, அனந்தவிஜயனுக்கு ஓவியம், பாகுபலிக்கு ஆயுர்வேதம், வில்வித்தை, யானையேற்றம், குதிரையேற்றம். இப்பட்டியலைச் சற்று நின்று பாருங்கள். இசையும் நடனமும் ஓவியமும் உடற்பயிற்சியும் தீர்த்தங்கரர் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்த பாடங்கள். ஆகவே, சமண இல்லத்தில் கலைக்கும் களிப்புக்கும் இடமில்லை என்றும், உடலைப் பேணுதல் மோகம் என்றும் யாரேனும் சொன்னால், அவர் நம் புராணத்தைப் படிக்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

தமிழகத்துச் சான்று வேண்டுமாயின் வேண்டிய அளவு உண்டு. திருத்தக்கதேவர் துறவியாயிருந்தே சீவகனின் காதையைப் பாடினார். அதில் காந்தருவதத்தையைச் சீவகன் அடைந்தது யாழிசைப் போட்டியில் வென்று. ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதர் ஆலயத்துக்கு முன்னால் நிற்பது சங்கீத மண்டபம். விஜயநகர அமைச்சர் இருகப்பர், தம் குரு புஷ்பசேனரின் சொற்படி 1387-88ஆம் ஆண்டில் கட்டியது. அதன் மேற்கூரையில் விருஷபதேவர் சரிதம் ஓவியமாகத் தீட்டப்பெற்றிருக்கிறது. கோவிலுக்குச் செல்லும் குடும்பத்தினர் அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதுண்டு. அடுத்தமுறை பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். கழுத்து வலிக்கும், பாதகமில்லை.

விருஷபதேவரின் சரிதத்தில் நாம் இன்று எடுத்துக்கொள்வது நீலாஞ்சனையின் ஆடல். மதுராவின் கங்காளி திலாவில் கிடைத்து, இப்போது லக்னௌ அருங்காட்சியகத்தில் இருக்கும் பழஞ்சிற்பப் பலகை ஒன்று இக்காட்சியையே காட்டுவது என்று அறிஞர் கருதுவர். அத்தனை பழமையான காலந்தொட்டு நம்மவர் இதனை மறவாமல் போற்றியிருக்கிறார்கள்.

அவையில் பெருமான் வீற்றிருந்தார். மக்களைப் பெற்று, வளர்த்து, கலைகள் பயிற்றி, அரசும் நடத்தியாயிற்று. அவர் இல்லறத்திலேயே தங்கிவிடின் உலகுக்கு அறம் உரைப்பார் யார் என்று எண்ணிய இந்திரன், ஆயுள் முடியும் தறுவாயில் இருந்த நீலாஞ்சனை என்னும் தேவமகளை அவையில் ஆடவிட்டான். ஆடிக்கொண்டிருக்கையிலேயே அவள் ஆயுள் தீர்ந்தது. மின்னல் போல் மறைந்தாள். காண்போரின் சுவை கெடாதிருக்க, இந்திரன் அக்கணமே அதே வடிவும் அதே அணியும் உடைய வேறொருத்தியை அவ்விடத்தில் நிறுத்தினான். யாழ் நிற்கவில்லை, தாளம் பிசகவில்லை, அவையோர் தலையசைத்து மகிழ்ந்திருந்தனர். ஆடியவள் இறந்தாள் என்பதைக் கண்டவர் பெருமான் ஒருவரே.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கவில்லை. எல்லாரையும் போல அவரும் ஆடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மதி, சுருதம், அவதி என்னும் மூன்று ஞானங்களோடு பிறந்தவர் ஆதலால் கண்டார், இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். கேள்வி நேரியதே. ஆயினும் அம்மூன்று ஞானமும் 83 லட்சம் பூர்வமும் அவரிடம் இருந்தனவே! இருந்த ஞானம் அன்று அந்த ஆடலின்மேல் முழுதும் விழிப்போடு சென்றது. மற்றவர்க்குக் கண் இருந்தது, விழிப்பு இல்லை. விழிப்பின்மைக்கு நம் ஆகமம் வைத்த பெயர் பிரமாதம். தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போதும் இச்சொல்லையே முன்வைக்கிறது. வாளேந்தினவனைக் காட்டிலும் அயர்ந்தவனுக்கு அஞ்சவேண்டும் என்பது நம் ஆசாரியர் கண்ட நுட்பம்.

இனி நம் இல்லத்துக்கு வருவோம்.

இந்திரன் ஒருமுறை செய்த வித்தையை இன்று நம் கையகலக் கண்ணாடி நொடிக்கு நொடி செய்கிறது. ஒரு காட்சி முடிகிறது. முடிந்தது என்று நாம் அறியுமுன் அதே அளவில், அதே ஒளியில், வேறொன்று அங்கே நிற்கிறது. நாம் விரல் அசைக்கவும் வேண்டா. முடிவு என்பது கண்ணில் படாதவாறு அதனை அமைத்திருக்கிறார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்த நாளில் ஒளிபரப்புக்கு ஒரு முடிவு நேரம் இருந்தது. திரை இருண்டது, வீட்டார் எழுந்து சென்றனர். எழுப்பிவிடும் அந்த இருள் இப்போது இல்லை. 9 மணிக்குக் கால் மணி நேரம் என்று அமர்ந்தவர் 11 மணிக்குத் தலைநிமிர்வதன் காரணம் மனவலிமைக் குறைவு மட்டும் அன்று; நீலாஞ்சனைகள் மாறியதை அவர் காணவில்லை.

இவ்வளவில் நின்றால் இது நேர விரயம் பற்றிய பேச்சாக முடியும். நேர விரயத்தை எடுத்துரைக்க நாளிதழ்கள் போதும். நாம் அஞ்சுவது இதைவிடப் பெரிது. அந்த இரண்டு மணி நேரமும் அருகே ஒரு குழந்தை இருக்கிறது.

பொருளுக்குத் தோற்றமும் அழிவும் நிலைபேறும் ஒருங்கே உண்டு என்பது நம் தத்துவத்தின் அடிப்படை. உயிர் நிலைத்தது, அதன் பரியாயங்கள் கணந்தோறும் தோன்றி அழிவன. இதைப் பாடசாலையில் ஒப்பிக்கிறோம். வீட்டில் பார்க்க மறக்கிறோம். மழலை பேசி மடியேறிய மூன்று வயதுக் குழந்தை இப்போது எங்கே? அது போயிற்று. அதே பெயரோடு, அதே முகச்சாயலோடு, ஏழு வயதுக் குழந்தை ஒன்று அவ்விடத்தில் நிற்கிறது. அதுவும் போகும், பதினான்கு வயது மகன் நிற்பான். தாளம் பிசகுவதில்லை, ஆதலால் மாறியது தெரிவதில்லை. ஒரு நாள் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து, "இவன் எப்போது இவ்வளவு வளர்ந்தான்?" என்று பெற்றோர் வியக்கிறார்கள். அந்த வியப்பை நாம் கேட்கும்போதெல்லாம் நமக்கு நீலாஞ்சனையின் நினைவே வருகிறது. ஆடல் அவர்கள் கண்முன்தான் நடந்தது.

குழந்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. தன்னைப் பாராத முகத்தை அது பார்க்கிறது. கற்றுக்கொள்வது அதைத்தான்.

ஆசாரியர்கள் இதற்கு என்ன வழி காட்டினர்? சமந்தபத்திரர் ரத்னகரண்டகத்தில் போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தை விளக்குமிடத்தில், அளவு செய்துகொள்ள வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறார்: உணவு, ஊர்தி, படுக்கை, நீராடல், சாந்து, பூ, தாம்பூலம், ஆடை, அணி, காமம், வாத்திய இசை, பாட்டு. இசையைச் சோற்றோடு ஒரே வரிசையில் வைத்தார் என்பதைக் கவனியுங்கள். விலக்கவில்லை, அளக்கச் சொன்னார். அதற்குக் காலமும் வகுத்தார். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு பருவம், ஓர் அயனம் என எவ்வளவு காலத்துக்கு வேண்டுமாயினும் வரையறை செய்துகொள்ளலாம். வாழ்நாள் முழுதும் துறப்பது யமம். கால வரையறையோடு துறப்பது நியமம். எளியோர்க்கு நியமமே பாதுகாப்பு. தமிழ் மட்டும் அறிந்தோர்க்கு இச்செய்திகளை அருங்கலச்செப்பு குறளடியில் தொகுத்துத் தருகிறது.

இவ்விரதத்தின் சிறப்பு என்னவெனின், அளவைப் பிறர் இடுவதில்லை. நாமே காலையில் இட்டுக்கொள்கிறோம். "இன்று திரைக்கு ஒரு நாழிகை, அது இரவு உணவு வேளைக்கு முன்னரே" என்று பஞ்ச நமஸ்காரம் சொல்லி எழுந்தவுடன் மனத்தில் வைத்துக்கொண்டால், மாலையில் திரையைத் திறக்கும்போதே அதன் முடிவும் உடன் தெரியும். இந்திரன் எத்தனை பேரை மாற்றி நிறுத்தினாலும், நாழிகை தீர்ந்ததும் நாம் எழுந்துவிடுவோம். குழந்தைக்கு மட்டும் அளவிட்டுத் தமக்கு இடாத பெற்றோரைப் பிள்ளைகள் மிக விரைவில் கண்டுகொள்கிறார்கள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டா, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு 1 மணிக்கு மேற்படவேண்டா, அதனினும் குறைவு நன்று என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. சோறூட்டுவதற்குக் கைபேசியை நீட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் புகுந்துவிட்டது. இதனைத் தாத்தா பாட்டியரும் செய்கிறார்கள்.

எதைப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. பயனின்றிச் செய்யும் பாவமாகிய அநர்த்த தண்டத்தில் துச்சுருதி என்று ஒன்று உண்டு. மனத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்டல் அது. பெருமுயற்சி, பற்று, துணிச்சல், மித்தியாத்துவம், பகை, ஆசை, செருக்கு, காமம் என்னும் எட்டினால் உள்ளத்தைக் கலங்கச் செய்வனவெல்லாம் துச்சுருதி. இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, மாலைத் தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். மருமகளுக்கு நஞ்சு வைக்கும் மாமியார், சொத்துக்காக ஆள் மாறாட்டம் செய்யும் தம்பி, பழிவாங்கச் சபதம் இடும் நாயகி. எட்டில் எத்தனை தேறும் என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம். நகைச்சுவைக் காட்சியும், இயற்கை பற்றிய படமும், நல்ல பாட்டுக் கச்சேரியும் இச்சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து விலக்குவது நூலறிந்தோர் செயல் அன்று.

கிரிக்கெட்டைப் பற்றி நம்மிடம் இளைஞர் சிலர் கேட்டதுண்டு. எதிரணி வீரர் ஆட்டமிழக்கவேண்டும் என்று விரும்புவது அபத்தியானம் ஆகுமா? பகையினால் பிறர்க்குக் கொலையும் கட்டும் கேடும் நினைத்தலே அபத்தியானம். ஆட்டத்தின் முறைக்குட்பட்டு வெற்றியை நாடுதல் அதனுள் அடங்காது என்பது நம் கருத்து. ஆனால் அவ்வீரர் காயமுற்று வெளியேறும்போது உள்ளம் துள்ளுமாயின், அது அபத்தியானமே, ஐயமில்லை. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா தோற்றது. தொடர்ந்து 10 ஆட்டங்களில் வென்று வந்த அணி. அன்றிரவு வீடுகளில் சாவு விழுந்தாற்போன்ற அமைதி. விரும்பியது பிரிந்ததால் வரும் ஆர்த்த தியானம் எது என்று குழந்தைக்கு விளக்க, அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தோற்ற இரவில் சற்றே முறுவலித்து, பிள்ளையை உறங்கவைத்த தந்தை ஆட்டத்தை ரசித்தவர். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மனைவிமேல் எரிந்து விழுந்தவர் ஆட்டத்தால் ஆட்டுவிக்கப்பட்டவர்.

உடற்பயிற்சிக்கு வருவோம். அநர்த்த தண்டத்தில் பிரமாத சரியை என்று மற்றொன்று உண்டு. வீணே நிலத்தைத் தோண்டல், நீரை இறைத்தல், தீ மூட்டல், காற்றெழுப்பல், மரஞ்செடிகளைக் கிள்ளுதல், காரணமின்றித் திரிதல், பிறரைத் திரிவித்தல் ஆகியன அதில் அடங்கும். இதைப் படித்த பெரியவர் ஒருவர், நடைப்பயிற்சி வீண் திரிதல் ஆகாதா என்று கேட்டார். போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்றும் இல்லாமல் பூங்காவைப் பத்துமுறை சுற்றுவது திரிதல் தானே என்பது அவர் வாதம். வேடிக்கையாகத் தோன்றினும் ஊன்றிக் கேட்ட கேள்வி. பயன் இருப்பின் அது அநர்த்தம் ஆகாது. நீரிழிவும் குருதி அழுத்தமும் வந்தபின், உபவாசமும் இயலாது, பொன்னூர் மலைமேல் குந்தகுந்தரின் பாதங்களைத் தரிசிக்கப் படியேறவும் இயலாது, இரண்டு நாழிகை சாமாயிகத்தில் நிமிர்ந்து அமரவும் இயலாது என்றாகிவிட்டால், அறத்தின் கருவியையே இழந்தவராவோம்.

முனிவர் உணவு கொள்ளும் முறைகளுள் ஒன்றை வண்டியச்சுக்கு நெய் இடுதலோடு ஒப்பிடுவர் ஆசாரியர். சரக்கு ஊர் சேரவேண்டும். அதற்காக அச்சுக்கு வேண்டிய நெய். அச்சு பளபளக்கவேண்டும் என்று எவரும் நெய் பூசுவதில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக் கண்ணாடி முன் நின்று தம் புயத்தைத் தாமே படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் இவ்வுவமையைச் சற்று எண்ணவேண்டும். மேலும், அங்கே முட்டையை உண்ணச் சொல்வார்கள்; மறுத்துவிடுவீர்கள், அறிவோம். ஆனால் மீன் எண்ணெய் மாத்திரையும், வைட்டமின் உறைகளும்? அவ்வுறை பெரும்பாலும் ஜெலட்டின். விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. டப்பியின் மேலுள்ள பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள். பயறும் பருப்பும் கடலையும் பாலும் நம் பாட்டனார்க்கு வலிமை தந்தவையே. முளைகட்டிய பயறு மிக நல்லது என்று பயிற்சியாளர் சொல்வார். முளையில் எண்ணற்ற உயிர்கள் உண்டெனக் கருதி மரபில் நிற்போர் அதனை விலக்குவர். வேகவைத்த பயற்றில் ஒன்றும் குறைந்துவிடாது.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல். நாழிகை என்பது 24 நிமிடம். நாளுக்கு ஒரு நாழிகை நடந்தால் வாரத்துக்கு 168 நிமிடம் ஆகிறது. ஆகவே, திரைக்கு ஒரு நாழிகை, நடைக்கு ஒரு நாழிகை, சாமாயிகத்துக்கு இரண்டு நாழிகை. நாள் ஒன்றுக்குள்ள அறுபதில் நான்கே போயின. சாமாயிகத்துக்கு முழு இரண்டு நாழிகை கிடைக்காத தாய்மார், கிடைத்த அளவிலேனும் மனத்தைச் சமநிலையில் நிறுத்தலாம். விரதத்தின் அளவு குறைந்தது என்பதற்காக விரதத்தையே கைவிடவேண்டா.

நடக்கும் முறையையும் முனிவரிடமே கற்கலாம். ஈரியா சமிதி என்பது பகல் வெளிச்சத்தில், முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து, உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் அடிவைத்தல். இந்நாளிலும் திகம்பர முனிவர்கள் ஊர்தியின்றி வெறுங்காலோடு நாட்டைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தே கடக்கிறார்கள். இல்லறத்தார்க்கு அவ்வளவு கடமை இல்லை. இருளில், பனி படிந்த புல்வெளியில், செவிக்குள் பாட்டைச் செருகிக்கொண்டு விரைவதைத் தவிர்த்து, வெளுத்தபின் பாதையில் நடந்தால் போதும். நத்தையும் மழைக்கால எறும்பு வரிசையும் கண்ணில் படும். அவற்றைப் பிள்ளைக்குக் காட்டிச் சுற்றிச் செல்லுங்கள். அதுவே அன்றைய பாடம்.

இரவு உணவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. சென்னையில் கதிரவன் நவம்பரில் மாலை 5.40 அளவிலேயே மறைகிறான். ஜூலைத் தொடக்கத்தில் 6.40 அளவுவரை ஒளி உண்டு. அலுவலகம் செல்வோர்க்கு இது பெருந்தடை என்பதை அறிவோம். உணவைக் கையில் கொண்டுசென்று 5.30க்கு அங்கேயே உண்டுவிடும் நம்மவர் உளர். உடன் பணிபுரிவோர் முதல் மாதம் கேலி செய்தனர், இரண்டாம் மாதம் காரணம் கேட்டனர். அதற்கும் வழியில்லாதார் இரவில் தானிய உணவையேனும் விலக்கிப் பாலோ பழமோ கொள்வர். முழு விரதம் அன்று எனினும் ஒரு படி. இன்னொன்று. முன்னிரவில் உண்ணாமையினால் உடல் எடை குறையும், செரிமானம் சீர்படும் என்று இப்போது பலரும் எடுத்துரைக்கிறார்கள். சீர்படட்டும், மகிழ்ச்சியே. ஆனால் நம் முன்னோர் இரவில் உண்ணாதது, விளக்கொளியை நாடிவந்து உணவில் விழும் சிற்றுயிர்களுக்கு இரங்கி. அதை எடைக் குறைப்பு முறையாகப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால், நாளை வேறொரு மருத்துவர் வேறொன்றைச் சொல்லும் அன்றே அப்பிள்ளை இரவில் உண்ணும்.

அடிகள் ஆடலின் பின் என்ன ஆயினார் என்பது தெரிந்ததே. பரதனுக்கு அயோத்தியையும் பாகுபலிக்குப் பௌதனபுரத்தையும் அளித்துவிட்டுத் தவம் மேற்கொண்டார். பின்னர் அம்மைந்தர் இருவரும் பொருதபோது, படைகளை மாளவிடாமல், பார்வைப் போர், நீர்ப் போர், மற்போர் என மூன்றனுள் முடிவு செய்தனர். மூன்றிலும் வென்ற பாகுபலி, தமையனைக் கையில் உயர்த்திய அந்த நேரத்திலேயே அரசின் இழிவைக் கண்டான். எதற்குப் பயின்ற தோள்கள் அவை! ஓராண்டு அசையாமல் காயோத்ஸர்க்கத்தில் நின்றன. கழுகுமலைக்குச் சென்றோர் அக்கோலத்தைப் பாறையில் கண்டிருப்பர்: மேனியில் கொடி படர்ந்திருக்கிறது, இருமருங்கிலும் இரு பெண்டிர் நிற்கின்றனர். பிராம்மியும் சுந்தரியும் என்று பெரியோர் கூறுவர். தந்தையின் மடியில் எழுத்தும் எண்ணும் கற்ற அதே மகளிர்.

இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற பொழுது இரவு, விளக்கணைப்பதற்கு முன். ஸ்ரீபுராணம் வீட்டில் இருப்பின் அதன் மணிப்பிரவாள நடை கடினம் என்று தயங்கவேண்டா. பெற்றோர் முதல்நாள் ஒரு பக்கம் படித்துவைத்துக்கொண்டு மறுநாள் தம் சொல்லில் சொன்னால் போதும். நீலாஞ்சனை மறைந்தபோது அவையில் இருந்த மற்றவர் ஏன் காணவில்லை என்று பிள்ளை கேட்கும். கேட்டால் விடையை உடனே சொல்லிவிடாதீர்கள், அதனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதியில் உறங்கிவிட்டால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நீண்ட புராணம் அது. ஓராண்டுக்குக் குறையாமல் வரும்.